சுகர் மெஷின் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

விரலைக் குத்தி ஒரு துளி ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டால் ஐந்தாறு நொடியில் திரையில் எண் வந்துவிடுகிறது. அந்த எண்ணை வைத்து இன்னொரு தோசை வேண்டுமா வேண்டாமா என்று முடிவாகிறது. இன்சுலின் பேனாவை எத்தனை யூனிட்டுக்குத் திருப்புவது என்பதும் முடிவாகிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் பல நேரம் நீங்கள் எழுதிக் கொண்டுபோகும் நோட்டைப் பார்த்துத்தான். அந்த எண் எங்கே சரியாக இருக்கும், எங்கே வழுக்கும், வழுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதே இந்த அத்தியாயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மீட்டரில் 150 என்று வந்தால் ரத்தத்தில் மிகச் சரியாக 150 மி.கி. இருக்கிறது என்று பொருளில்லை, 150-ஐ ஒட்டி இருக்கிறது என்றே பொருள். எவ்வளவு ஒட்டி இருக்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் ஒரு தரம் உண்டு. ஐஎஸ்ஓ 15197 என்ற அந்தத் தரத்தின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்வது இது: லேப் அளவு 100 மி.கி.யும் அதற்கு மேலும் இருந்தால், மீட்டர் காட்டுவது அதிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி.க்குள் இருக்க வேண்டும். நூறு சோதனையில் 95 இப்படி அமைந்தால் போதும்.

இதை எண்ணில் போட்டுப் பாருங்கள். லேப்பில் 150 என்றால் மீட்டர் 128 காட்டினாலும் 172 காட்டினாலும் அது தேறிய மீட்டர்தான். லேப்பில் 70 என்றால் 55-ம் சரி, 85-ம் சரி. ஆகவே நேற்று 138, இன்று 146 என்று வந்தால் "எட்டு ஏறிவிட்டதே" என்று கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த எட்டு, மீட்டரின் இயல்பான ஆட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டாலே பல வீடுகளில் காலை நேரச் சண்டை பாதி குறையும்.

தரம் இருக்கிறது என்பதற்காகக் கடையில் கிடைக்கும் எல்லா மீட்டரும் அதற்குள் நிற்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் அனுமதி பெற்று விற்பனையில் இருந்த 18 மீட்டர்களை நீரிழிவுத் தொழில்நுட்பச் சங்கம் என்ற அமைப்பு சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டது. 15 சதவீதக் கணக்கில் மூன்று சுற்றுச் சோதனையிலும் தேறியவை 6 மட்டுமே.

யாருக்கு எவ்வளவு துல்லியம்?

மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடுமாக இருப்பவர், வாரத்துக்கு இரண்டு முறை பார்ப்பவர் என்றால் 15 சதவீதம் முன்பின் ஆவதால் பெரிய கேடு வராது. அவருக்கு வேண்டியது போக்கு. மூன்று வாரமாக வெறும் வயிற்றில் 160, 170 என்றே வந்துகொண்டிருந்தால், அதில் எந்த எண்ணும் மிகச் சரியில்லை என்றாலும் கட்டுப்பாடு போதவில்லை என்ற செய்தி சரிதான்.

இன்சுலின் போடுபவரின் கதை வேறு. ஒருவருக்கு ஒரு யூனிட் இன்சுலின் 50 மி.கி. சர்க்கரையைக் குறைக்கும் என்று டாக்டர் கணக்குச் சொல்லியிருக்கிறார், இலக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் சர்க்கரை 200. ஒரு யூனிட் போட்டால் போதும். மீட்டரோ 300 காட்டுகிறது. அவர் கணக்குப்படி மூன்று யூனிட் போடுகிறார். மூன்று யூனிட் 150-ஐ இறக்கும். 200-லிருந்து 150 போனால் மிச்சம் 50. நடு ராத்திரியில் வியர்த்து நனைந்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி எழுந்திருப்பார். எழுந்திருக்காமலே போவதும் உண்டு. மருந்திலும் தப்பில்லை, கணக்கிலும் தப்பில்லை, உள்ளே போன எண்தான் தப்பு.

ஆகவே என் கருத்து இது: இன்சுலின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், தாழ்சர்க்கரை அடிக்கடி வருபவர்கள், சர்க்கரை இறங்கினாலும் உடல் அறிகுறி காட்டாதவர்கள் ஆகியோர் மீட்டர் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மற்றவர்களுக்கு நடுத்தர விலை மீட்டர் தாராளமாகப் போதும்.

விரலில்தான் பாதிப் பிழை

மெஷின் சரியில்லை என்று வருபவர்களில் பலருக்கு மெஷின் நன்றாகவே இருக்கும். மாம்பழக் காலத்தில் எந்த நீரிழிவு மையத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"நேத்து சாயங்காலம் 268 காட்டுச்சு சிஸ்டர். நான் ஒண்ணுமே சாப்பிடலை."

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்கம்மா?"

"பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் குடுத்தேன். ஒரு துண்டுகூட வாயில வைக்கலை."

"கை கழுவுனீங்களா?"

"முந்தானையில துடைச்சிட்டேனே."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை, மாம்பழம் விரலில் இருந்தது. ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. அதில் இருக்கும் சர்க்கரை ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுதான். விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் பழச்சாறோ, லட்டுப் பிசுக்கோ, டீயில் சர்க்கரை போடும்போது ஒட்டிய துகளோ அந்த எண்ணை இரட்டிப்பாக்கப் போதும்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் ஆகாதா? ஆகாது. பழத்தை உரித்த கையில் இதைச் சோதித்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் எழுதினார்கள்: ஸ்பிரிட்டால் துடைத்த பிறகும் எண் ஏறியே இருந்தது, குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான அளவுக்கு வந்தது. சானிடைசரும் அப்படித்தான், கிருமியைக் கொல்லுமே தவிரச் சர்க்கரையை எடுக்காது. சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியில் ஈரமில்லாமல் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் தண்ணீர் கலந்து எண் குறையும். பஸ்ஸிலோ வயலிலோ இருக்கிறீர்கள், கழுவ வழியில்லை என்றால், முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள். ஆனால் பழம், இனிப்பு தொட்ட கைக்கு இந்தக் குறுக்கு வழி உதவாது.

ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிதுக்குவது இன்னொரு வழக்கம். லேசாக அழுத்தலாம். விரல் வெளுக்கும்வரை பிதுக்கினால் திசுநீரும் சேர்ந்து வந்து ரத்தம் நீர்த்துப்போகும். குத்துவதற்கு முன் கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவினால் பிதுக்கவே வேண்டியிருக்காது. நடு நுனியை விட்டு விரலின் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு.

வெயிலும் ஸ்ட்ரிப்பும்

ஸ்ட்ரிப்பை வெறும் பிளாஸ்டிக் துண்டு என்று நினைக்க வேண்டாம். அதன் முனையில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு அது வினைபுரியும்போது உண்டாகும் நுண்ணிய மின்னோட்டத்தைத்தான் மீட்டர் அளந்து எண்ணாக மாற்றுகிறது. நொதி என்பது புரதம். சூட்டிலும் ஈரத்திலும் கெடும். கெட்டால் எண் மேலே போகும் என்றோ கீழே போகும் என்றோ முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில மீட்டர்கள் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். சில, பார்க்க நியாயமாக இருக்கும் தவறான எண்ணைக் காட்டும். இதுதான் ஆபத்து.

டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரிதான் மேல் வரம்பு. சித்திரை, வைகாசியில் வேலூரிலோ திருச்சியிலோ மாடி அறை வெப்பம் விடியற்காலையில்கூட 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆகவே வீட்டில் எந்த அறை குளிர்ச்சியோ அந்த அறையில், தரையை ஒட்டிய அலமாரியில் வையுங்கள். அடுப்படி வேண்டாம். ஸ்கூட்டர் டிக்கி, காரின் முன்பலகை இரண்டும் கூடவே கூடாது. ஃப்ரிட்ஜுக்குள் வைப்பதும் தப்பு: வெளியே எடுக்கும்போது ஈரம் வியர்த்துப் படியும்.

டப்பாவின் உள்சுவரிலோ மூடியிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. அதனால் ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. ஒன்றை எடுத்த கையோடு மூடியை அழுத்தி மூட வேண்டும், கடலோர ஊர்க்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதுங்கள். காலாவதித் தேதி மூடியிருக்கும் டப்பாவுக்கு. திறந்த பிறகு பிராண்டைப் பொறுத்து மூன்று மாதமோ ஆறு மாதமோதான் ஆயுள். வாரம் இரண்டு முறை மட்டும் பார்ப்பவர் 50 ஸ்ட்ரிப் டப்பா வாங்கினால் தீர்ந்துபோக ஆறு மாதம் ஆகும். ஆயுள் மூன்று மாதம் என்றால், மலிவு என்று வாங்கியதில் பின்பாதி வீண். அவருக்கு 25 போதும். கத்திரி வெயிலில் கூரியர் வண்டியில் நாள் முழுக்கக் கிடந்து வரும் ஸ்ட்ரிப்பைவிடத் தெருமுனை மருந்துக்கடையில் வாங்குவதையே நான் சொல்வேன்.

பழைய மீட்டர்களில் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு கோடு எண் போட வேண்டும், அல்லது ஒரு சிப்பைச் செருக வேண்டும். அதை மாற்ற மறந்தால் அந்த டப்பா முழுக்கத் தப்பாகவே காட்டும். இப்போது வரும் பலவற்றுக்குக் கோடு தேவையில்லை. புதிதாக வாங்குபவர்கள் அப்படிப்பட்டதையே கேட்டு வாங்கலாம்.

லேப்போடு ஒப்பிடும் முறை

"லேப்பில் 132, என் மெஷினில் 151. எது சரி?" இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஒப்பிட்ட முறை சரியா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

லேப்பில் எடுப்பது கையின் ரத்தக் குழாயிலிருந்து, மீட்டரில் விடுவது விரல்நுனி ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சாப்பிட்ட பின் அப்படியில்லை. உண்ட சர்க்கரை விரல்நுனிக்கு முதலில் வந்து, திசுக்களில் செலவாகி, பிறகுதான் முழங்கை நரம்புக்குத் திரும்புகிறது. அந்த நேரத்தில் விரல்நுனியில் 20, 30 மி.கி. கூடுதலாக இருப்பது இயற்கை, மீட்டரின் குற்றமில்லை. ஆகவே சாப்பிட்ட பின் ஒப்பிடவே வேண்டாம்.

லேப் எண்ணும் சில சமயம் வழுக்கும். ரத்தத்தை எடுத்த பிறகும் குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடியிட்ட ஃபுளோரைடு குழாய். அதிலும் மருந்து முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு, வெயிலில் பைக்கில் இன்னும் நாலு வீடு சுற்றிப் போகும் மாதிரியில் சர்க்கரை குறைவாக வந்தால் ஆச்சரியமில்லை. சர்க்கரைக்கு மட்டுமாவது லேப்புக்கே நேரில் போய்க் கொடுங்கள்.

முறையான ஒப்பீடு இப்படி: வெறும் வயிற்றில் போங்கள். கையைக் கழுவுங்கள். லேப்காரர் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் மீட்டரில் விரல் ரத்தத்தைப் பாருங்கள், ஊசியிலிருந்து மிச்ச ரத்தத்தை வாங்கி ஸ்ட்ரிப்பில் விடாதீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை லேப் எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 132-க்கு 151 என்றால் வித்தியாசம் 19. அது 14 சதவீதம் சொச்சம். தேறுகிறது, ஆனால் ஓரத்தில் நிற்கிறது. ஒருமுறை பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு, மூன்று லேப் பரிசோதனையின்போதும் பாருங்கள். எப்போதும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதலாகவே காட்டும் மீட்டரோடு குடும்பம் நடத்தலாம், அதன் குணம் தெரிந்துவிட்டது. இன்று கூடுதல், நாளை குறைவு என்று தாவும் மீட்டரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பக்கத்து வீட்டு மீட்டரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. உண்மை 150 என்றால் ஒன்று 132-ம் மற்றது 168-ம் காட்டலாம், இரண்டுமே தேறியவை.

கன்ட்ரோல் திரவம் என்று ஒன்று உண்டு. சர்க்கரை அளவு தெரிந்த நீர். ரத்தத்துக்குப் பதில் அதை ஸ்ட்ரிப்பில் தொட்டால், டப்பாவில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களுக்கு நடுவில் வர வேண்டும். வந்தால் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் ஒழுங்காக வேலை செய்கின்றன. நம் ஊர்க் கடைகளில் கேட்டால்தான் வரவழைத்துத் தருவார்கள். கேளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி-யும் ஒரு சாட்சி. 7 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154. 9 சதவீதம் என்றால் சுமார் 212. மீட்டர் சராசரி 130 காட்ட, எச்பிஏ1சி 9 என்று வந்தால், நீங்கள் காலை வெறும் வயிற்றில் மட்டுமே பார்க்கிறீர்கள் என்றோ, மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்றோ பொருள். முதல் காரணம்தான் பெரும்பாலும்.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு

நம் பெண்களுக்கு இது மிக முக்கியம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சிவப்பணுக்கள் குறைந்த ரத்தத்தில் மீட்டர் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். உண்மையில் 62-க்கு இறங்கி மயக்கம் வரும் நிலையில் இருப்பவருக்கு 80 என்று காட்டி, "சுகர் சரியாத்தான் இருக்கு" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். மீட்டருடன் வரும் தாளில் எந்த ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவுவரை அது சரியாகக் காட்டும் என்று போட்டிருக்கும். உங்கள் ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹீமட்டோகிரிட் ஏறத்தாழக் கிடைக்கும். ஹீமோகுளோபின் 8 என்றால் 24. தாளில் 30 முதல் 55 வரை என்றிருந்தால் அந்த மீட்டர் உங்களுக்கு உதவாது. வரம்பு அகலமாக உள்ள வேறு மாடல் வாங்க வேண்டும், அதோடு ரத்தசோகைக்கும் மருத்துவம் பார்க்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைவு எச்பிஏ1சி-யையும் ஏற்றிக் காட்டும் என்பதால் இந்த நிலையில் அந்தச் சாட்சியையும் முழுதாக நம்ப முடியாது.

கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய முறை, சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் முயற்சியால் நாடு முழுவதும் பரவியது. 140-ம் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. பிளாஸ்மா அளவுக்குச் சரிசெய்யப்பட்ட மீட்டரிலேயே இதைப் பார்க்கலாம் என்பது அரசு வழிகாட்டுதல். கிராமத்துப் பெண்ணுக்கு இது பெரிய வரம். ஆனால் 140 என்ற கோட்டை ஒட்டி எண் வந்து, ஹீமோகுளோபினும் குறைவாக இருந்தால், லேப்பில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் சோதிக்கும்போதும் கையைக் கழுவிவிட்டே விரலை நீட்டுங்கள்.

வயிற்றில் திரவம் ஏற்றி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் உடலில் மால்டோஸாக மாறும். ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற நொதியில் வேலை செய்யும் ஸ்ட்ரிப்புகள் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். இதனால் அமெரிக்காவில் 1997 முதல் 2009 வரை 13 மரணங்கள் பதிவாகி, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. சிறுநீரக மருத்துவரிடம் உங்கள் மீட்டர் மாடலைக் காட்டாமல் பயன்படுத்தாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா, லண்டனிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் மீட்டரில் 7.2, 11.5 என்று வரும். அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு: 7.2 என்பது 130. அதற்கான ஸ்ட்ரிப் இங்கே கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நம்ப முடியாத எண் வந்தால்

உடல் ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறு சொல்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது உடலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் இருந்தால் மீட்டர் 85 காட்டினாலும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துக் கையைக் கழுவி மறுபடி பாருங்கள். அனாவசியமாகக் கொஞ்சம் சர்க்கரை ஏறினால் கேடில்லை. இறங்கியதைக் கவனிக்காமல் விட்டால்தான் உயிருக்கு ஆபத்து.

அறிகுறி ஏதுமில்லாமல் எண் மட்டும் வினோதமாக இருந்தால் கழுவி, துடைத்து, ஸ்ட்ரிப் டப்பாவின் தேதியைப் பார்த்து, வேறு விரலில் புது ஸ்ட்ரிப்பால் பாருங்கள். அதுவரை கூடுதல் இன்சுலின் போட வேண்டாம். எண்ணுக்குப் பதில் 'ஹை' என்று வந்தால் அதை மெஷின் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். பெரும்பாலான மீட்டர்களில் அது 600-ஐத் தாண்டியது என்று பொருள். கை கழுவிப் பார்த்தும் அதுவே வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். கடும் வாந்தி, பேதியில் துவண்டிருப்பவருக்கு விரல்நுனியில் ரத்த ஓட்டமே சரியாக இருக்காது. அவருக்கு மீட்டரை நம்பாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். லேப்பில் ரத்தம் கொடுத்த கையோடு ஒரு ஸ்ட்ரிப் செலவழித்து, இரண்டு எண்ணையும் ஒரே வரியில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.